பேட்டரியைச் சூடு பண்ணணுமா அண்ணாச்சி?

மின்சாரக் கார் வைத்திருக்கிறவனைப் பார்த்ததும் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும் என்பதைத்தான். இரண்டாவது கேள்வி சமீப காலமாக மாறிவிட்டது. யூடியூபில் வெள்ளைக்காரர்கள் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே பேசும் வீடியோக்களை நம்ம ஆட்களும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு நேரே என் பட்டறைக்கு வந்து, “காலையில வண்டி எடுக்குததுக்கு முன்னால பேட்டரியச் சூடு பண்ணணுமாமே அண்ணாச்சி, நீங்க பண்ணுதியளா?” என்று கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன் நான். அதனால் கரண்ட் சம்பந்தப்பட்ட எதற்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பம்பு செட்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வருகிற விவசாயிகள்கூட வாசலில் நிற்கும் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இதைக் கேட்கிறார்கள்.

நம்ம ஊரில் வேண்டாம் என்பதுதான் பதில். மார்கழி விடிகாலையிலும் இங்கே 20, 22 டிகிரி இருக்கும். நமக்கு அது குளிர், மப்ளர் கட்டிக்கொள்கிறோம். லித்தியம் பேட்டரிக்கு அது குளிரே இல்லை. 15 டிகிரியிலிருந்து 35 வரை அது சௌகரியமாக வேலை செய்யும். அந்த வெப்பத்தில் இருக்கிற பேட்டரியை மேலும் சூடு பண்ணுவது மின்சாரத்துக்குப் பிடித்த தண்டம்.

ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. நாம் எப்போதும் பாளையங்கோட்டைக்குள்ளேயே ஓட்டுவதில்லை. லீவு விட்டால் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிறோம். அது ஒன்று. இன்னொன்று, குளிர் நாட்டுக்காரர்கள் இதை ஏன் செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டால், அதே கணக்கைத் திருப்பிப் போட்டு நம்ம வெயிலுக்குப் பயன்படுத்தலாம். வெயில்தானே நமக்குப் பிரச்சினை.

எனக்கு இதைப் புரிய வைத்தவன் என் அக்கா மகன். கனடாவில் கால்கரியில் இருக்கிறான். அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20, சில நாள் மைனஸ் 30 வரை இறங்கும். அவன் காரை எப்படி வைத்துக்கொள்கிறான் என்று போனில் பேசிப் பேசித்தான் பாதி தெரிந்துகொண்டேன். மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

குளிரில் பேட்டரிக்குள் நடப்பதை, மின்சாரம் எடுக்கும்போது நடப்பது, ஏற்றும்போது நடப்பது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எடுக்கும்போது நடப்பது பெரிய சேதமில்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, வெளியே வரத்தான் மறுக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் திரவமும் குளிரில் இறுகும், அயனிகள் மெதுவாக நகரும், உள்தடை கூடும். இருக்கிற சார்ஜை முழுசாக எடுக்க முடியாது, சூடானதும் திரும்பக் கிடைத்துவிடும்.

ஏற்றும்போது நடப்பதுதான் விவகாரம். சார்ஜ் ஏறுகிறது என்றால் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்காருகின்றன. உறைநிலைக்குக் கீழே போனால் அவற்றால் வேகமாக உள்ளே நுழைய முடியாது. வெளியிலேயே, கிராஃபைட்டின் மேல் உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி திரும்ப வேலைக்கு வராது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அது ஊசியாக வளர்ந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகவும் வழி உண்டு. அதனால்தான் பேட்டரியைக் கண்காணிக்கிற எலக்ட்ரானிக்ஸ், குளிர்ந்த பேட்டரிக்குள் வேகமாகச் சார்ஜ் ஏற விடாது. பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறதே, அந்த ரீஜென், அதுவும் சார்ஜ்தான். ஆகவே குளிரில் ரீஜெனும் குறையும். கொடைக்கானல் கதைக்கு இது வேண்டும்.

என் மருமகன் செய்வது இதுதான். ராத்திரி கார் ஷெட்டில் பிளக்கில் மாட்டிவிட்டுக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன் என்று காருக்குச் சொல்லி வைத்துவிடுவான். அதற்குச் சற்று முன்னால் கார் தானாகவே பேட்டரியையும் உள்ளே இருக்கைப் பகுதியையும் சூடாக்கிக்கொள்ளும், வீட்டுக் கரண்ட்டில். பேட்டரியில் இருக்கிற சார்ஜ் அப்படியே ஓட்டத்துக்கு மிஞ்சும். அந்தப் பக்கத்தில் பெட்ரோல் காருக்கே ராத்திரியில் பிளக் மாட்டி எஞ்சினைச் சூடாக வைக்கும் வழக்கம் உண்டு. எனவே அவர்களுக்கு இது புதுசு இல்லை. வெளியூர் போகும்போது, அடுத்து எந்த ஃபாஸ்ட் சார்ஜரில் நிற்கப்போகிறோம் என்று காரின் மேப்பில் போட்டுவிட்டால், போகிற வழியிலேயே கார் பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டு போய்ச் சேரும். அப்படிச் சூடாகாமல் போய் நின்றால் ஃபாஸ்ட் சார்ஜரும் ஆமை வேகம்தான். 2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிர் அடித்தபோது சார்ஜர்களில் கார்கள் வரிசை கட்டி நின்று பலரும் மாட்டிக்கொண்டார்கள். பேட்டரியைச் சூடாக்காமல் வந்து மாட்டியது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. குளிருக்குப் பெயர் போன நார்வேயில் அதே 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மின்சாரக் கார்கள். பழக்கம் தெரிந்தால் குளிர் ஒன்றும் செய்யாது என்பது அங்கே தெரிகிறது.

எப்போதும் சூடு பண்ணியே தீர வேண்டுமா என்று அவனிடமே கேட்டேன். “பக்கத்துல கடைக்குப் போறதுக்குல்லாம் பண்ண மாட்டேன் மாமா. அது சூடாகி முடியுததுக்குள்ள கடையே வந்திரும்” என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். பேட்டரி 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் ஆயிரம் ஜூல் வேண்டும். 20 டிகிரி உயர்த்த 60 லட்சம் ஜூல், அதாவது 1.7 யூனிட். போகவர மொத்தம் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்கூட ஆகாத காருக்கு, கிளம்புவதற்கு முன்னாலேயே 1.7 யூனிட் செலவு செய்வது எதற்கு? நீண்ட பயணம், இல்லையென்றால் வழியில் ஃபாஸ்ட் சார்ஜ் போட வேண்டும் என்றால் அந்தச் செலவு தகும். பிளக்கில் மாட்டியிருந்தால் மட்டும் சூடு பண்ணு, மாட்டவில்லை என்றால் சும்மா ஓட்டு, ஓட ஓட அது தானே சூடாகிவிடும். அவன் நடைமுறையில் வைத்திருக்கிற விதி அவ்வளவுதான்.

பேட்டரியைச் சூடு பண்ணுவதும் உள்ளே உட்காருகிறவர்களைச் சூடு பண்ணுவதும் வேறு வேறு வேலை. வீடியோ பார்க்கிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் ஐந்து மின்சாரக் கார்களைச் சோதித்தது. மைனஸ் 7 டிகிரியில், ஹீட்டர் போடாமல் ஓட்டினால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம், 12 சதவீதம் குறைந்தது. ஹீட்டர் போட்டு ஓட்டினால் 41 சதவீதம். பெரும்பங்கு போனது ஆட்களுக்குத்தான். பெட்ரோல் காரில் எஞ்சின் வீணாக்கும் சூட்டையே உள்ளே திருப்பி விடுவதால் ஹீட்டர் ஓசி. மின்சார மோட்டார் அவ்வளவு சூட்டை வீணாக்குவதில்லை, அதனால் பேட்டரியிலிருந்து எடுத்துத்தான் சூடு பண்ண வேண்டியிருக்கிறது.

சரி, கொடைக்கானலுக்கு வருவோம். தை மாதத்தில் குடும்பத்தோடு போனோம். என்னுடையது நம் நாட்டிலேயே தயாரான கார். 40 யூனிட் பேட்டரி, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, குளிர்விக்கத் திரவம் ஓடுகிற அமைப்பு உண்டு. பேட்டரியைச் சூடு பண்ண தனி பொத்தான் எதுவும் கிடையாது. கிளம்புகிற அன்று மட்டும் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு, நாலுவழிச் சாலையில் கோவில்பட்டி, விருதுநகர் தாண்டி மதுரை போய், அங்கே ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே ஃபாஸ்ட் சார்ஜ் போட்டோம். மலை ஏறுவதற்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பலர் அனுபவத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறார்கள், அது தேவையில்லை. காரும் ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,800 கிலோ. அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரம். தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 9 யூனிட். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் இந்த 9 யூனிட் போயே தீரும். அதற்கு மேல் வழக்கமான ஓட்டச் செலவு. ஆகவே வத்தலக்குண்டைத் தாண்டும்போது பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்படி வந்தால் பயமில்லாமல் ஏறலாம்.

தங்கிய இடத்தில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று ரூம் போடும்போதே கேட்டுக்கொண்டேன். இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் அது குளியலறைக் கீசரின் பிளக்; காருக்கு எட்ட மெலிந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றைக் கொண்டுவந்தார் வேலைக்காரப் பையன். என் தொழிலே சுட்டுப்போன காயிலைப் பார்ப்பதுதான். அந்த ஒயரைக் கையில் தொடவும் இல்லை. வீட்டிலிருந்தே 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்ட எக்ஸ்டென்ஷன் ஒன்றைத் தயார் செய்து எடுத்துப் போயிருந்தேன். ராத்திரி முழுக்க இடைவிடாமல் 15 ஆம்பியர் போவதென்பது இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் போடுகிற சமாச்சாரம் இல்லை. ஒயரைச் சுருளாகச் சுற்றி வைக்கக் கூடாது, முழுசாக அவிழ்த்துப் போட வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இருக்கலாம், கை சுட்டால் நிறுத்திவிட வேண்டும். குளிர், பேட்டரி என்று எத்தனையோ பேசுகிறோம். வெளியூரில் சார்ஜ் போடும்போது எனக்கு இருக்கிற நிஜமான பயம் பிளக் பாயின்ட்தான்.

எப்போது மாட்டுவது என்பதில்தான் சூடு பண்ணும் கேள்வி வருகிறது. மலையேறி வந்து நிற்கும் பேட்டரி நல்ல சூட்டில் இருக்கும். உடனே மாட்டிவிட்டால் அந்தச் சூட்டிலேயே ஏறும். இல்லை, ராத்திரி தாமதமாக மாட்டினால் விடியற்காலை கிளம்பும் நேரத்துக்கு முடியும்; சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் உண்டாகிற சூடு கொஞ்சமாவது அதில் தங்கியிருக்கும். எது நல்லது? உறைநிலைக்குக் கீழே போகிற இடம் என்றால் வந்தவுடன் மாட்டுங்கள். ஆறிப்போன பிறகு மாட்டினால் ஏற மறுக்கும். கொடைக்கானலில் ஜனவரி ராத்திரி எட்டு டிகிரி அளவில் இருக்கும், அதற்கு வீட்டு பிளக்கின் மெதுவான சார்ஜ் தாராளமாக ஏறும். அங்கே தாமதமாக மாட்டுவதுதான் என் கட்சி. சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது மாட்டினேன், விடிவதற்குள் முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்றால் நூறு அல்ல, எண்பதில் நிறுத்தும்படி வைத்தேன். மலைமேல் ராத்திரி தங்குகிற மின்சாரக் கார்க்காரர் எல்லோருக்கும் நான் சொல்கிற விஷயம் இது. நூறு ஏற்றிக்கொண்டு இறங்கினால் ரீஜெனுக்கு உள்ளே இடமே இருக்காது. பெட்ரோல் காரை இரண்டாவது கியரில் போட்டு எஞ்சின் பிடிப்பில் இறக்குவோமே, அந்தப் பிடிப்பு இங்கே ரீஜென்தான். அது இல்லையென்றால் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்கக் கால் பிரேக்கிலேயே இறங்க வேண்டும், வட்டு காய்ந்து வாடை அடிக்கும். அதோடு காலைக் குளிரில் பேட்டரியும் ஆறியிருந்தால் ரீஜென் இரட்டிப்பாகக் குறைந்திருக்கும். எங்களுக்கு எண்பதில் வைத்தும்கூட முதல் சில கிலோமீட்டர் பிடிப்பு கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி, பெருமாள்மலை தாண்டிப் போகப் போக வழக்கமான பிடிப்பு வந்துவிட்டது. அடிவாரத்தில் காட் ரோடு வந்து பார்த்தால், மேலே கிளம்பும்போது இருந்ததைவிட சார்ஜ் கூடியிருந்தது. முந்தின நாள் கொடுத்த 9 யூனிட்டில் ஒரு பங்கைச் சாலைச் செலவு போக மலை திருப்பிக் கொடுத்துவிட்டது.

காலை கிளம்புவதற்கு முன் பத்து நிமிஷம், பிளக் மாட்டியிருக்கும்போதே போனிலிருந்து ஹீட்டரைப் போட்டு உள்ளே கதகதப்பாக்கினேன். அதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. “பேட்டரிக்குக் குளிருதா இல்லையான்னு ஆராய்ச்சி பண்ணுதது இருக்கட்டும், எங்களுக்குக் குளிருது” என்று வீட்டில் சொல்லிவிட்டாள். ஆனால் அதில் ஒரு லாபமும் உண்டு. மலையில் காலையில் உள்கண்ணாடியில் ஆவி படிந்து ரோடு தெரியாது. முன்கூட்டியே சூடு பண்ணி, ஏசியையும் சேர்த்துப் போட்டால் ஈரம் போய்க் கண்ணாடி தெளிவாகிவிடும். இந்தச் செலவு அந்த விடுதியின் மீட்டரில் போனது. சார்ஜ் போட்டதற்குத் தனியாகக் காசு கொடுத்துவிட்டேன், அது மரியாதை. இலவசமாக இழுத்தால் அடுத்து வருகிறவனுக்குப் பிளக் கொடுக்க மாட்டார்கள்.

இனி நம்ம ஊர். கால்கரிக்காரன் செய்வதன் சாரம், கிளம்புவதற்கு முன்னாலேயே சுவர்க் கரண்ட்டில் காரை அதற்கேற்ற வெப்பத்துக்குக் கொண்டுவருவது. அவனுக்கு அது சூடாக்குவது, நமக்குக் குளிர்விப்பது. பங்குனி பிறந்துவிட்டால், அக்கினி நட்சத்திரம் முடியும் வரை நான் இதைத் தவறாமல் செய்கிறேன். வெயிலில் நிற்கும் கார் உள்ளே அடுப்பாகக் கொதித்துப் போயிருக்கும். முதலில் நாலு கண்ணாடியையும் இறக்கி வெக்கைக் காற்றை வெளியேற்றிவிட்டு, அப்புறம் பிளக்கோடு இருக்கும்போதே ஏசியைப் போட்டுப் பத்து நிமிஷம் விட்டால், ரோட்டில் இறங்கும்போது ஏசி முழுமூச்சில் ஓட வேண்டியிருக்காது. அதே ஏஏஏ சோதனையில் 35 டிகிரியில் ஏசி போட்டு ஓட்டினால் ரேஞ்ச் 17 சதவீதம் குறைந்தது, ஏசி இல்லாமல் 4 சதவீதம். குளிரோடு ஒப்பிட்டால் வெயிலின் இழப்பு குறைவுதான் என்று இதைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். அன்றைய ஓட்டத்துக்கு அது சரி. பேட்டரியின் ஆயுசுக்கு அப்படியே தலைகீழ்.

குளிர் ரேஞ்சில் எடுப்பதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது; வெயில் எடுப்பது போனது போனதுதான். சூட்டில், அதுவும் நிறைய சார்ஜோடு சும்மா நிற்கும்போது, பேட்டரிக்குள் வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடந்து கொள்ளளவு தேய்கிறது. 2012இல் அமெரிக்காவின் பாலைவன ஊரான பீனிக்ஸில் நிஸான் லீஃப் வைத்திருந்தவர்கள், கார் வாங்கிய கொஞ்ச காலத்திலேயே ரேஞ்ச் குறைந்துபோனதாகப் புகார் சொன்னார்கள். அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. நம்ம சித்திரை பீனிக்ஸ் அளவுக்குப் போகாவிட்டாலும் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது.

அதனால் நான் கடைப்பிடிப்பவை பெரிய வித்தையெல்லாம் இல்லை. பட்டறை வாசலில் தகரக் கொட்டகை போடாமல் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். தகரத்தின் கீழே நிழல் இருக்கும், சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் காரைப் பாதிச் சார்ஜில் விட்டுவிட்டுப் போகிறேன். எல்எஃப்பி பேட்டரிக்கு அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் எவ்வளவு மிச்சம் என்று கார் சரியாகக் காட்டும். அதனால் அந்த வேலையை வெளியூர் கிளம்பும் நாளுக்கு முந்தின ராத்திரி வைத்துக்கொள்கிறேன். ஏறி முடித்ததும் ஓடிவிடும், நூறோடு வெயிலில் நிற்காது. நாலுவழிச் சாலையில் விரட்டி வந்து மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டினால், காரின் ஃபேன் இரைச்சல் போட்டு அலறும், சார்ஜ் வேகமும் குறையும். குளிரில் ஏற மறுத்த அதே எலக்ட்ரானிக்ஸ்தான் இங்கே சூட்டுக்காக மறுக்கிறது. காலையிலோ ஆறு மணிக்கு மேலோ மாட்டினால் அதே சார்ஜர் ஒழுங்காக வேலை செய்யும்.

வெயில் காலத்தில் இன்னொரு தொந்தரவு எர்த். மண் காய்ந்து போனால் எர்த் குழியின் தடை கூடிவிடும். பழைய வீடுகளில் கார் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு ஏற்ற மறுக்கும். சார்ஜர் பழுது என்று நினைத்துப் பதறிப்போய் என்னிடம் வருகிறவர்கள் பலர். எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள் என்று அனுப்புகிறேன், பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அதற்காக எர்த் பார்க்கும் அமைப்பை ஏமாற்ற நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், உயிர் சமாச்சாரம்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம பக்கம் மின்சாரக் காரைவிட ஸ்கூட்டர்தான் அதிகம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது, காற்றில் ஆற வேண்டியதுதான். மத்தியான வெயிலில் ஓட்டி வந்தால் நிழலில் அரை மணி, முக்கால் மணி ஆறவிட்டுச் சார்ஜில் மாட்டுங்கள். 2022 கோடையில் நாட்டில் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரி விதிகளை அரசு இறுக்கியது; பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் அது எந்த விதிப்படி வந்த பேட்டரி என்று கேட்டு வாங்குவது நல்லது. கழற்றி எடுக்கிற பேட்டரியைப் படுக்கையறையில் வைத்துச் சார்ஜ் போடவே வேண்டாம்.

ரேஞ்ச் குறைந்து ஏமாறுவது என்று பார்த்தால், நம்ம பக்கத்தில் அதைச் செய்வது ஆனி, ஆடிக் காற்று. கனடாக்காரனுக்குப் பனி என்றால் நமக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய். வள்ளியூர் தாண்டி, பணகுடி, காவல்கிணறு வழியாக நாகர்கோவில் போகும்போது காற்று எதிரில் வந்து அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று 30 இருந்தால், காற்றைப் பொறுத்தவரை நம்ம கார் 110இல் போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். இதற்கு எந்தப் பொத்தானும் கிடையாது, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. 65, 70இல் போனால் சேதாரம் வெகுவாகக் குறையும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், நல்ல ரேஞ்ச் காட்டும். அதனால் அந்த மாதங்களில் நாகர்கோவில் போகிறவர்கள், ஒருவழிக்கு ஆன சார்ஜை இரண்டால் பெருக்கிப் பார்த்துத் திரும்ப முடியுமா என்று பயப்பட வேண்டாம்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது, பேட்டரியைச் சூடாக்கும் வசதி உள்ள மாடல், ஹீட் பம்ப் (குறைந்த கரண்ட்டில் சூடாக்கும் கருவி) உள்ள மாடல் என்று கூடுதல் காசு கொடுக்கலாமா என்பது. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ வீடு வைத்திருந்தால் யோசிக்கலாம், அங்கே மார்கழி, தையில் உறைபனி விழுகிற இடங்கள் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை கொடைக்கானல் போகிற நெல்லைக்காரருக்கு அந்தக் காசு வீண். அதற்குப் பதிலாகப் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஷோரூமில் இருக்கிற பையனுக்குத் தெரியவில்லை என்றால் காரின் கையேட்டை வாங்கிப் பராமரிப்புப் பட்டியலைப் பாருங்கள். பேட்டரிக்கென்று கூலன்ட் சோதிக்கவோ மாற்றவோ தனியாகப் போட்டிருக்கிறார்களா என்பதில் தெரிந்துவிடும். போட்டிருந்தால் அந்தக் கூலன்ட் மட்டத்தைச் சித்திரைக்கு முன்னால் ஒருமுறை சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.